எட்டாம் இடம்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழ்ந்து ஓடும் திருவரங்கத்தில், பொழுது புலருமுன்பே மக்கள் நடமாட்டம் தொடங்கிவிடும். அம்மா மண்டபத்துப் படித்துறையில் நீராட வருவோர் ஒருபுறம். சித்திரை வீதிகளிலும் உத்திர வீதிகளிலும் உடல்நலம் கருதி விரைந்து நடப்போர் மற்றொருபுறம். ஆற்றைக் கடந்து திருச்சிராப்பள்ளிக்குச் சென்றால் அங்கும் அத்தகைய காட்சியே. பள்ளி மைதானங்களில் பந்தாட்டம் நடைபெறும். அண்ணா விளையாட்டரங்கில் இளைஞர் ஓடிப் பழகுவர். விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் மனைகளெல்லாம் கிரிக்கெட் களங்களாக மாறிவிடும். அன்றாட உழைப்புக்கு இடையே கிடைக்கும் சிறு பொழுதை இவ்வாறு விளையாட்டில் செலவிடுவோர் பாராட்டுக்குரியவர். அவர்களுடைய உற்சாகத்தைக் கண்டே சிறுவரும் மைதானத்தை நாடுகின்றனர்.

ஆயினும், அவர்களுள் சிலரிடம் ஒரு மயக்கம் காணப்படுவதுண்டு. தெருவில் எல்லாரையும் முந்தி ஓடுபவர், நாட்டிலேயே விரைந்து ஓடுபவருக்கும் தமக்கும் இடையே நாலடி தூரமே உள்ளதாக எண்ணுவார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தவர், தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டம் இழப்பதைத் தொலைக்காட்சியில் கண்டு, “இந்தப் பந்தைக்கூட அடிக்கத் தெரியவில்லையே!” என்று நகைப்பார். “தக்க ஆசான் வாய்த்திருந்தால் நானும் அங்கே நின்றிருப்பேன்” என்று பெருமூச்சு விடுவாரும் உண்டு. இந்த மயக்கத்தின் ஆழத்தை அளந்தறிய, திருச்சிராப்பள்ளி மாவட்டம் நாட்டுக்கு அளித்த ஓட்டக்காரர் இருவரின் வரலாறு துணைசெய்யும். ஒருவர் இலால்குடி வட்டாரத்தைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ். மற்றொருவர் சுபா வெங்கடேசன் என்னும் வீராங்கனை.

2020ஆம் ஆண்டுக்குரிய ஒலிம்பிக் போட்டிகள், பெருந்தொற்றின் காரணமாக 2021ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் நடைபெற்றன. ஆடவர் இருவரும் பெண்டிர் இருவரும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது அங்கேதான். நால்வரும் ஆளுக்கு 400 மீட்டர் ஓடவேண்டும். ஒருவர் கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிற்கவேண்டும். இந்தியாவின் சார்பில் கேரளத்தைச் சேர்ந்த முகமது அனஸ், மதுரையைச் சேர்ந்த ரேவதி வீரமணி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோர் ஓடினர். நால்வருள் மூவர் தமிழ்நாட்டினர். அம்மூவருள் இருவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினர். ரேவதி, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, தொடக்கத்தில் காலணியும் இன்றி வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர். சூலைத் திங்கள் 30ஆம் நாள் நடைபெற்ற தகுதிச் சுற்றில் இந்த அணி 3 நிமிடம் 19.93 விநாடியில் ஓடி முடித்தது. அச்சுற்றில் ஓடிய எட்டு அணிகளுள் அதற்குக் கிடைத்தது எட்டாம் இடம்.

எட்டு அணிகளுள் எட்டாம் இடம் என்றால் அது கடைசி இடம். செய்தியைக் கேட்டவர் சிலர் உதட்டைப் பிதுக்கினர். “கடைசியாக வருவதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டுமா?” என்று கேட்பது எளிது. திண்ணையில் அமர்ந்து கேட்பது அதனினும் எளிது. கேள்வி கேட்பவர் அறியாதது ஒன்று உண்டு. ஒலிம்பிக் போட்டிகளில் பங்குகொள்ளும் நாடுகள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை. அந்தத் தொடர் ஓட்டத்தில் இடம்பெறுபவையோ பதினாறு அணிகள் மட்டுமே. டோக்கியோவின் ஓடுதளத்தில் கால் வைப்பதற்கு முன்பே, அந்த நால்வரும் எத்தனையோ ஆயிரம் பேரைப் பின்தள்ளி வந்திருந்தனர்.

இனி, அந்தக் கடைசி இடத்தின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 3 நிமிடம் 19.93 விநாடியை நான்கால் வகுத்தால், ஒருவருக்குச் சராசரியாக 50 விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் வரும். அஃதாவது, ஒவ்வொரு விநாடியிலும் 8 மீட்டர். மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர். திருவரங்கத்து ராஜகோபுரம் 1987ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 72 மீட்டர். அண்ணாந்து பார்ப்பவரின் கழுத்தை வலிக்கச் செய்யும் அக்கோபுரத்தைத் தரையில் கிடத்தியதாக எண்ணிக்கொண்டால், எட்டாம் இடம் பெற்ற அணி அதன் அடியிலிருந்து உச்சிவரை ஒன்பதே விநாடியில் ஓடிக் கடந்துவிடும். அவ்வாறு ஐந்தரைக் கோபுரங்களை ஒரே மூச்சில் கடப்பதே 400 மீட்டர் ஓட்டம்.

ஐயம் உடையவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். கையில் ஒரு கடிகாரமும், அளந்து குறித்த 100 மீட்டர் பாதையும் போதும். அப்பாதையை பன்னிரண்டரை விநாடியில் கடக்க வேண்டும். ஊக்கமும் உடற்கட்டும் உடைய இளைஞர் சிலர் அதனைச் செய்துவிடக்கூடும். ஆனால் அவர் கடந்தது நான்கில் ஒரு பங்கே. நிற்காமல், அதே வேகத்தில் இரண்டாவது நூறையும், மூன்றாவது நூறையும், நான்காவது நூறையும் கடக்க வேண்டும். இரண்டாவது நூறிலேயே மூச்சு முட்டும். மூன்றாவதில் தொடைகள் கல்லாய்க் கனக்கும். நான்காவதில் ஓட்டம் நடையாக மாறிவிடும். நல்ல உடல்நலமுள்ள, ஆனால் முறையான பயிற்சி இல்லாத இளைஞர் ஒருவர் ஒரு சுற்றை 75 விநாடியில் ஓடி முடித்தாலே அதனைச் சிறப்பென்று சொல்லலாம்.

அத்தகைய இளைஞர் நால்வர் ஓர் அணியாகச் சேர்ந்து, இந்திய அணியோடு அதே நேரத்தில் ஓடத் தொடங்கியதாக வைத்துக்கொள்ளலாம். இந்திய அணி ஓடி முடிக்கும்போது, இளைஞர் அணி இன்னும் 530 மீட்டருக்கு மேல் ஓடவேண்டியிருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கும் மேலான தூரம் அது. அந்தப் போட்டியில் தங்கம் வென்றது போலந்து நாட்டு அணி. இறுதி ஓட்டத்தில் அது எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 9.87 விநாடி. அந்த நேரத்தோடு ஒப்பிட்டால், தங்கம் வென்ற அணிக்கும் எட்டாம் இடம் பெற்ற இந்திய அணிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 80 மீட்டர்தான். உலகிலேயே சிறந்த அணிக்கு இந்திய அணி 80 மீட்டர் பின்னே நிற்கிறது. அதனை எள்ளி நகையாடும் இளைஞர் அணியோ இந்திய அணிக்கு 530 மீட்டர் பின்னே நிற்கிறது. எவர் எவருக்கு அருகில் நிற்கின்றனர் என்பதை இந்த இரண்டு எண்களும் ஐயமின்றிக் காட்டிவிடுகின்றன.

இவ்வளவு பெரிய இடைவெளி கண்ணுக்குத் தெரியாமற் போவது ஏன்? அதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, ஒப்பிட்டுப் பார்க்க அங்கே அளவுகோல் இல்லாமை. ஓடுதளத்தில் உள்ள எண்மரும் பேராற்றல் உடையவர். எண்மரும் சிறுத்தைகள்போல் பாயும்போது, சற்றே பின்தங்கிய சிறுத்தை ஆமைபோல் தோன்றுகிறது. ஒளிப்படக் கருவியும் அவர்களோடு சேர்ந்தே நகர்வதால் அவர்களது வேகம் திரையில் மறைந்துவிடுகிறது. ஓடுதளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவரே அந்த வேகத்தின் உண்மையை அறிவர்.

இரண்டாவது காரணம் தேர்ச்சியின் இயல்பிலேயே உள்ளது. நன்கு தேர்ந்தவர் செய்யும் செயல் பிறர் கண்ணுக்கு எளிதாகத் தோன்றும். சமையலில் கைதேர்ந்தவர் கண்ணளவிலேயே உப்பிடுவார். பார்ப்பவர்க்கு அதில் ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஓட்டக்காரரின் தோள் இறுகாமல், முகம் சுளிக்காமல், அடி ஒரே சீராக விழுவதற்குப் பின்னே ஆண்டுக்கணக்கான உழைப்பு மறைந்து கிடக்கிறது. உழைப்பு மறைந்திருப்பதையே பார்ப்பவர் உழைப்பு இல்லாமை என்று தவறாக எண்ணிவிடுகிறார்.

மூன்றாவது காரணம் மனித மனத்தின் குறும்பு. விளையாட்டை விரும்பும் எளியவர் தம்முடைய மிகச் சிறந்த நாளை நினைவில் வைத்துக்கொள்கிறார். தேர்ந்த வீரரின் மிக மோசமான நொடியை எடுத்துக்கொள்கிறார். பிறகு இரண்டையும் தராசில் ஏற்றுகிறார். தாம் தவறவிட்ட நூறு பந்துகள் அவர் நினைவில் இல்லை. அந்த வீரர் தவறாமல் அடித்த ஆயிரம் பந்துகளும் அவர் நினைவில் இல்லை. அத்தகைய தராசின் முள் நேராக நிற்பது எங்ஙனம்?

திருச்சிராப்பள்ளியில் வாழ்வோர்க்கு இந்த உண்மையை விளக்க மலைக்கோட்டையே போதும். திருவரங்கத்துக் கரையில் நின்று நோக்கினால், உச்சிப் பிள்ளையார் கோயில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆற்றைக் கடந்து அடிவாரத்தை அடைந்தால் மாணிக்க விநாயகர் சந்நிதி வரும். அங்கிருந்து படி ஏறி, மூச்சு வாங்கத் தாயுமானவர் சந்நிதியை அடைந்தவர்க்கு, மலை முழுவதையும் ஏறிவிட்டதாகவே ஓர் எண்ணம் பிறக்கும். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால்தான், செங்குத்தான பாறையில் வெட்டிய படிகள் இன்னும் மேலே செல்வது தெரியும். விளையாட்டின் படிகளும் இத்தகையனவே. தெருவுக்கு மேலே பள்ளி; பள்ளிக்கு மேலே மாவட்டம்; அதற்கு மேலே மாநிலம்; பின்னர் நாடு; அதன்பின் ஆசியக் கண்டம்; அனைத்திற்கும் மேலே உலகம். கீழ்ப்படிகள் அகலமானவை, பலர் நிற்க இடம் உண்டு. மேலே செல்லச் செல்ல இடம் குறுகும், ஏற்றம் செங்குத்தாகும். 80 விநாடியில் ஓடுபவர் சில திங்கள் முயன்று 70 விநாடிக்கு வந்துவிடலாம். 46 விநாடியில் ஓடுபவர் 45 விநாடிக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். வாழ்நாள் முழுதும் முயன்றும் வராமலே போகலாம்.

ஆரோக்கிய ராஜீவின் வரலாறு இதற்குச் சான்று. தொடக்கத்தில் நீளம் தாண்டுதலில் ஈடுபட்டிருந்த அவர், இராணுவத்தில் சேர்ந்தபின் 400 மீட்டர் ஓட்டத்திற்கு மாறினார். 2014ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், 45.92 விநாடியில் ஓடி வெண்கலப் பதக்கம் வென்றார். 2017ஆம் ஆண்டில் அவருக்கு அர்ச்சுனா விருது வழங்கப்பெற்றது. அடுத்த ஆசியப் போட்டி 2018ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் நடைபெற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவர் வேகம் குறையவில்லை, 45.84 விநாடியில் ஓடினார். முன்பு வெண்கலம் வென்ற ஓட்டத்தைவிட இது விரைவானது. ஆயினும், இம்முறை அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். மூன்றாமவர் 45.70 விநாடியில் ஓடியிருந்தார். ஒருவர் முன்னேறும்போது பிறரும் முன்னேறுகின்றனர்; அவர் ஏறும் மலையும் சேர்ந்தே வளர்கிறது. பதக்கத்துக்கும் வெறுங்கைக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியின் நூற்றில் பதினான்கு பங்கு. கண் இமைத்துத் திறப்பதற்குள் கழிந்துவிடும் நேரம் அது. அந்த நேரத்தை வெல்வதற்காகவே தேர்ந்த வீரர் தம் இளமையைச் செலவிடுகிறார்.

டோக்கியோவில் எட்டாம் இடம் பெற்ற ஒரு வாரத்திற்குப் பின், ஆகஸ்டு 6ஆம் நாள், அதே ராஜீவ் ஆடவர் தொடர் ஓட்ட அணியில் ஓடினார். முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், அமோஜ் ஜேக்கப் ஆகியோர் அவருடன் ஓடியவர். அவ்வணி 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி முடித்து, அதுவரை கத்தார் நாட்டிடம் இருந்த ஆசியச் சாதனையை முறியடித்தது. ஆசியாவிலேயே அதற்குமுன் எந்த அணியும் அவ்வளவு விரைவாக ஓடியதில்லை. ஆயினும், அந்த ஓட்டமும் இறுதிச் சுற்றுக்குப் போதவில்லை. எட்டு அணிகளே இறுதிச் சுற்றுக்குச் செல்லக்கூடும். இந்திய அணி ஒன்பதாவதாக நின்றது. ஆசியாவின் உச்சியை அடைந்தவரும் உலகின் வாயிலில் காத்து நிற்க நேர்ந்தது. அங்கே நின்றவர் எவரும், “நானும் இதைச் செய்திருப்பேன்” என்று எளிதாகச் சொல்ல மாட்டார். மேலே ஏறியவருக்கே மேலும் உள்ள உயரம் தெரியும்.

இந்த இடைவெளி எதனால் உண்டாகிறது? பயிற்சியால் மட்டும் என்று சொல்லிவிட இயலாது. பிறவியிலேயே அமைந்த தசையின் இயல்பும் உடலின் அமைப்பும் ஓரளவு காரணமாகும். ஆனால் இயற்கை அளித்தது விதை. அதனை மரமாக்குவது உழைப்பு. 400 மீட்டர் ஓட்டத்தில், மூச்சின் வழியே வரும் பிராணவாயு தசைகளின் தேவைக்குப் போதாது. கடைசி 100 மீட்டரில் எல்லாருடைய வேகமும் குறைகிறது. வெல்பவருடைய வேகமும் குறைகிறது. மற்றவரைவிடக் குறைவாகத் தளர்பவரே வெல்கிறார். அந்தத் தளர்ச்சியைத் தாங்க உடலைப் பழக்குவதற்கு, நாள்தோறும் அதே தளர்ச்சியை வலிந்து வரவழைத்துக்கொள்ள வேண்டும். எளியவர் களைத்ததும் நிறுத்துவார். வீரரின் பயிற்சியோ களைத்தபின்தான் தொடங்கும். எளியவர் வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் ஆடுவார். வீரருக்கு உணவும் உறக்கமும் ஓய்வும்கூடப் பயிற்சியின் பகுதிகளாகும். கோலைக் கைமாற்றும் சிறு செயலுக்கே எண்ணற்ற முறை ஒத்திகை வேண்டும். அதற்குரிய எல்லை 20 மீட்டர்தான். உடல் சோர்ந்து ஓடிவருபவர், அதற்குள் தடுமாறாமல் கோலைக் கொடுத்துவிட வேண்டும்.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. தன்னுடைய வலிமையை மட்டுமன்றி, மேற்கொள்ளும் செயலின் கடுமையையும் எதிர்நிற்பவரின் ஆற்றலையும் எடைபோடுமாறு வள்ளுவர் அதில் அறிவுறுத்துகிறார். தம் வலிமையின் அளவை அறியாது, மன எழுச்சி ஒன்றையே நம்பிப் புறப்பட்டு இடையில் ஒடிந்து போனவர் பலர் என்பதும் அவர் கண்ட உண்மை. அவர் அரசர்க்குச் சொன்ன அறிவுரை ஓடுதளத்திற்கும் பொருந்துகிறது. முதல் நூறு மீட்டரில் பாய்ந்து, மூன்றாம் நூறில் முடங்கும் இளைஞரே அதற்கு எடுத்துக்காட்டு.

எனில், எளியவர் விளையாட வேண்டாமா? நன்றாக விளையாட வேண்டும். உடல் நலத்திற்காகவும் உள்ளக் களிப்பிற்காகவும் ஆடுபவருக்கு எவரோடும் ஒப்பீடு தேவையில்லை. அவருடைய ஆட்டம் தன்னளவில் முழுமையானது. தன்னம்பிக்கையும் தீதன்று. தன்னம்பிக்கை இல்லாதவர் முதற்படியிலேயே கால் வைக்க மாட்டார். தீங்கு விளைவிப்பது அளவறியாத நம்பிக்கையே. அது இருவகையில் கேடு செய்கிறது. பிறருடைய அரிய உழைப்பைக் காணவொட்டாமல் கண்ணை மறைப்பது ஒன்று. தமக்கு வேண்டிய உழைப்பின் அளவை மறைத்து, நின்ற இடத்திலேயே நிற்கச் செய்வது மற்றொன்று. ‘இன்னும் நாலடிதான்’ என்று எண்ணுபவர் நாலடிக்கு உரிய உணவையே கட்டிக்கொண்டு புறப்படுவார். நாற்பது காத வழியை அவர் எப்படிக் கடப்பார்?

வழியின் நீளத்தை அறிந்தே நடந்தவர் சுபா வெங்கடேசன். எட்டாம் இடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 2023ஆம் ஆண்டு சீன நாட்டின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. கலப்புத் தொடர் ஓட்டத்தில் முகமது அஜ்மல், வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ் ஆகியோருடன் சுபாவும் ஓடினார். அவ்வணி 3 நிமிடம் 14.34 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்து வெள்ளிப் பதக்கம் பெற்றது. நால்வருள் ஒருவர் டோக்கியோவில் ஓடியவர், மூவர் புதியவர். டோக்கியோவில் எடுத்துக்கொண்ட நேரத்தோடு ஒப்பிட்டால், ஐந்தரை விநாடிக்குமேல் குறைந்திருந்தது. ஈராண்டு உழைப்பின் விளைவு அந்த ஐந்தரை விநாடி. அதனைக் குறைவென்று சொல்பவர், விநாடியின் விலையை அறியாதவர். அடுத்த ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கிலும் மகளிர் தொடர் ஓட்ட அணியில் சுபா இடம்பெற்றார்.

பட்டியலில் எட்டாவதாக ஒரு பெயரைக் காணும்போது, அதற்கு மேலே உள்ள ஏழு பெயர்களை எண்ணுவது எளிது. அதற்குக் கீழே எழுதப்படாமல் விடப்பட்ட பெயர்களை எண்ணிப் பார்ப்பதே அறிவு. அவ்வாறு எண்ணிப் பார்ப்பவர் தோற்றவரை இகழ மாட்டார். வென்றவரைக் கண்டு பொறாமை கொள்ளவும் மாட்டார். தாம் நிற்கும் படி எது, ஏறவேண்டிய படிகள் எத்தனை என்பதைத் தெளிவாக உணர்ந்துகொள்வார். அந்தத் தெளிவோடு நாளை விடியலில் ஓடுதளத்துக்கு வரும் சிறுவனோ சிறுமியோ, நேற்றைவிட அரை விநாடி முந்தினால் அதுவே உண்மையான முன்னேற்றம்.